டிஸ்சார்ஜ் ஆன அன்று எங்கே போவது? குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீளும் ஆண்களுக்கான ஹாஃப்வே ஹோம்: முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் அன்று காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முகம் தெளிந்திருக்கும், கை நடுக்கம் போயிருக்கும், கொஞ்சம் சதை போட்டிருக்கும். அண்ணனோ மச்சானோ பைக்கில் வந்து அழைத்துப் போவார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டுக்குப் போகும் அந்த ஏழெட்டு கிலோமீட்டரில் இரண்டு டாஸ்மாக் கடை. மதியம் 12 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணி வரை. எந்தச் சந்து வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் வரலாம் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டில் அதே கட்டில், போதையில் உடைத்த அதே பீரோ கண்ணாடி. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு போன் வரும்: "எப்பண்ணே வந்தீங்க?"

நான் அப்படி மூன்று முறை வீட்டுக்குப் போனவன். மூன்றாவது முறைதான் அதிகபட்சம், பதினோரு நாள் தாங்கினேன். நான்காவது முறை வீட்டுக்குப் போகவில்லை. திருச்சியில் ஆறு பேர் சேர்ந்து தங்கியிருந்த ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். ஏழு மாதம் இருந்தேன். பிறகு அதே வீட்டை நாலு வருடம் பார்த்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை முதலில் குடும்பத்தாருக்கு. மீண்டுவருகிறவரும் கூட உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

இது எந்த மாதிரி இடம்

ஹாஃப்வே ஹோம் என்கிறார்கள், சில மையங்களில் ஆஃப்டர் கேர் என்கிறார்கள். தமிழில் இடைக்கால இல்லம் என்று சொல்லலாம். இங்கே குளுக்கோஸ் ஏற்றமாட்டார்கள், டாக்டர் ரவுண்ட்ஸ் வரமாட்டார். காலையில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பி வந்து, சேர்ந்து சமைத்து, சாப்பிட்டு, பேசிவிட்டுத் தூங்கும் வீடு. கூட இருப்பவர்கள் எல்லாரும் இதே நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள். குடிக்கக்கூடாது, போதைப்பொருள் தொடக்கூடாது என்பது வீட்டின் முதல் விதி. மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை இருப்பவர்கள் அதிகம்.

ஏன் இவ்வளவு நாள்? குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கமும் வியர்வையும் அடங்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தூக்கம் ஒழுங்காக, எரிச்சல் அடங்க, மனம் ஒரு விஷயத்தில் நிற்க, மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்களில்தான் பெரும்பாலானோர் திரும்ப விழுகிறார்கள். அந்தக் காலத்தில் யாரோடு, எங்கே தூங்கி எழுந்தார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடிந்து வெளியேறிய 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேரை இந்த மாதிரி கூட்டு வீடுகளுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் வெளியே போனார்கள். 2006-ல் வெளியான முடிவு இது: இரண்டு வருடம் கழித்து, வழக்கம்போல் போனவர்களில் 64.8 சதவீதம் பேர் குடியோ போதையோ தொட்டிருந்தார்கள். கூட்டு வீட்டுக்குப் போனவர்களில் அது 31.3 சதவீதம். மாத வருமானமும் அவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2019-ல் வந்த மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது என்றது; 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை பெறுகிறார். அந்த ஒருவராகும் வாய்ப்பு உங்கள் வீட்டு ஆளுக்குக் கிடைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் நாளோடு அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் படி: உடம்பு தெளிந்துவிட்டதா என்று பாருங்கள்

குடித்துக்கொண்டிருக்கும் ஆளை நேராக ஹாஃப்வே ஹோமுக்குக் கொண்டுவரக்கூடாது. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும். 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இது உயிர் போகிற விஷயம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிப் போய் நேரத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த சிகிச்சைக்கு அங்கே காசு கேட்கமாட்டார்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, அடுத்த ரிவ்யூ தேதி. ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டும் சேர்த்து வாங்கினால் நல்லது. ஹாஃப்வே ஹோமில் இவரைச் சேர்த்துக்கொள்கிறவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

இரண்டாவது படி: இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். இந்தப் பகுதிதான் கட்டுரையிலேயே நீளம், ஏனென்றால் நான் இங்கேதான் அடி வாங்கினேன்.

என் இரண்டாவது சிகிச்சையை வீட்டில் ஏற்பாடு செய்தது போன் மூலம். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கி, லுங்கியோடு என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். போன உடனே மொட்டை அடித்தார்கள். நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. எதிர்த்துப் பேசியவனைக் கம்பியில் கட்டினார்கள். மூன்று மாதம் ஒரு சொட்டு குடிக்கவில்லை, உண்மைதான். வெளியே வந்த அன்று மதியமே குடித்தேன். அந்த மூன்று மாதமும் குடிக்காமல் இருக்க நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, பயப்பட மட்டும்தான் கற்றுக்கொண்டேன்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் யாரும் அதை மறக்கக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. கட்டாய மொட்டை கூடாது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கக்கூடாது. சிகிச்சை தரும் நிலையம் பதிவு செய்திருக்க வேண்டும். தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால், சில சூழ்நிலைகளில் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாமே தவிர, அடைத்து வைக்க முடியாது. ஹாஃப்வே ஹோம்களை ஏற்படுத்தித் தருவது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எனவே சேர்ப்பதற்கு முன் ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். காலையில் போனால் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். வாசல் கதவுக்கு எந்தப் பக்கம் பூட்டு என்று பாருங்கள். வெளிப்பக்கம் பூட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். சமையலறைக்குள் நுழைந்து பாருங்கள். தங்கியிருக்கும் ஒருவரோடு, பொறுப்பாளர் பக்கத்தில் இல்லாமல், பத்து நிமிடம் பேச விடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடம் எதற்கும் லாயக்கில்லை. பொறுப்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை?
- ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார்கள்?
- மாத்திரைகள் யார் கையில் இருக்கும்? மனநல மாத்திரை சாப்பிடுபவரைச் சேர்ப்பீர்களா?
- வேலைக்குப் போகலாமா, எத்தனாவது வாரத்திலிருந்து?
- குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?
- கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், ரசீது உண்டா?

மூன்றாவது கேள்வியைச் சும்மா விடாதீர்கள். "மருந்தே வேண்டாம், மனசு இருந்தாப் போதும்" என்று சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பிடுங்கி வைக்கும் இடங்கள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்றவை ஆசையைக் குறைக்கக் கொடுக்கும் மருந்துகள், பி1 வைட்டமின் மூளையைக் காப்பாற்ற. மன அழுத்தத்துக்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஆள் மறுபடி சரிந்துவிடுவார்.

நூறு சதவீதம் குணம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் போல இதுவும் கூடவே வரும் நோய்தான்.

மூன்றாவது படி: அவர் சம்மதம்

இழுத்துக்கொண்டு வந்து விடுகிற இடமல்ல இது. அவர் "சரி, போறேன்" என்று சொல்ல வேண்டும், மனதில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை. டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பேச ஆரம்பியுங்கள். "உன்னை வீட்டில சேர்க்க மாட்டோம்" என்று தொடங்காதீர்கள். "மூணு மாசம் அங்கேருந்து வேலைக்குப் போ. ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்" என்று நாள் கணக்கோடு சொன்னால் காதில் ஏறும். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய் அவர்களோடு டீ குடித்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று. வீட்டில் அவரிடம் அடி வாங்கிய மனைவி, "இப்ப வர வேணாம்" என்று சொன்னால் அதை மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து கரைக்கப் பார்க்காதீர்கள். அது அந்தப் பெண்ணின் உரிமை. பெண்கள் உதவி எண் 181.

நான்காவது படி: பை கட்டுவது

நாலு செட் துணி, போர்வை, துண்டு, செருப்பு, ஆதார் நகல், மருத்துவக் காகிதங்கள், ஒரு மாத மாத்திரை. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, பையிலிருந்து எடுக்க வேண்டியவை. இருமல் டானிக், சாராயம் கலந்த மவுத்வாஷ், ஹேண்ட் சானிடைசர், ஆஃப்டர்ஷேவ். அம்மா அன்பாக வைத்துக் கொடுக்கும் அரிஷ்ட பாட்டிலும்தான். தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் புளித்து உண்டாகும் சாராயம் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், லேபிளிலேயே போட்டிருப்பார்கள். ஒரு பாட்டில் அரிஷ்டத்தில் ஐந்து மாத முயற்சி போன ஒருவரை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அவரைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை, மருந்து என்று நினைத்துத்தான் குடித்தார்.

குடிக்க விடாமல் தடுக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையில் இருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. அந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் கீழே போகும். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. இதனால்தான் சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பழக்கத்தைப் பல டாக்டர்கள் எதிர்க்கிறார்கள். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே அந்த மாத்திரை. குடும்பத்தார் யாராவது ரகசியமாகக் கலந்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏ.டி.எம். கார்டை முதல் மாதம் மனைவியிடமோ அண்ணனிடமோ கொடுத்துவைப்பது நல்லது. போனிலிருந்து பழைய நம்பர்களை எடுப்பதை அவரே செய்யட்டும், நீங்கள் பிடுங்கிச் செய்யாதீர்கள்.

ஐந்தாவது படி: முதல் முப்பது நாள், முக்கியமாக சாயங்காலம்

பகல் எப்படியோ ஓடிவிடும். ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை மணிவரைதான் கண்டம். அந்த நாலு மணி நேரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து எழுதித் தர முடியாது. ஒரு ஹாஃப்வே ஹோம் நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால், அங்கே ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தரைக்குச் சட்டி நிறைய சுண்டல் இருக்கும். வேலையிலிருந்து வருகிறவர் கை கால் கழுவியதும் முதலில் ஒரு கிண்ணம் சுண்டலும் இனிப்பு தூக்கலாக ஒரு டீயும். பசியோடு இருக்கும்போது குடி ஆசை இரண்டு மடங்காகத் தெரியும், இனிப்பு அதைக் கொஞ்சம் அமத்தும். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் வைத்திருக்கச் சொல்வோம். ஆறு மணிக்குக் குளியல். ஆறரைக்குச் சமையல், முறை வைத்து இரண்டிரண்டு பேர். புதிதாக வந்தவருக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. கத்தியைக் கொடுக்க மாட்டோம், கை இன்னும் லேசாக ஆடும். உரித்த வெங்காயத்தைப் பக்கத்தில் இருப்பவர் நறுக்குவார். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆள் தானாகப் பேச ஆரம்பித்துவிடுவார். கவுன்சலர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாததை, வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். மகள் பூப்பெய்திய சடங்குக்குக் குடித்துவிட்டுப் போய், மைத்துனன் கையால் வெளியே தள்ளப்பட்டதை ஒருவர் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னும் எத்தனை உரிக்கணும்ணே?" என்று கேட்டார்.

ஏழரைக்கு மீட்டிங். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. காசு கிடையாது, பெயர் விலாசம் கேட்கமாட்டார்கள், குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். கஞ்சா, மாத்திரை, ஊசி போன்றவற்றிலிருந்து வருகிறவர்களுக்கு நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது. முதல் மூன்று மாதம் தினமும் ஒரு கூட்டம் என்பது பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு. அதன் ஆன்மிகப் பேச்சு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசிக்கொள்வதற்காகவாவது போகலாம்.

தூக்கம் வராது. இது முதல் மாதத்தில் எல்லாருக்கும் உண்டு. புரண்டு புரண்டு படுத்தால் எழுந்து வந்து கூடத்தில் உட்காரலாம், யாரையும் எழுப்பலாம் என்பது எங்கள் வீட்டு விதி. யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. தூக்க மாத்திரையை டாக்டர் எழுதாமல் மெடிக்கலில் வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு போதையை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வது அப்படித்தான்.

ஆறாவது படி: வேலையும் சம்பள நாளும்

மூன்றாவது நான்காவது வாரத்தில் வேலைக்குப் போவது நல்லது. பழைய வேலை குடியோடு ஒட்டிய வேலையாக இருந்தால், அதாவது பார், கேட்டரிங், ராத்திரி லாரி, கொஞ்ச நாளைக்கு வேறு பாருங்கள். சம்பளம் குறைந்தாலும் பகல் வேலை.

வாரக்கூலி வாங்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பெரிய கண்டம். சட்டைப் பையில் ஐயாயிரம் ரூபாய், கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். பெயின்டர் வேலைக்குப் போன ஒரு தம்பிக்கு நாங்கள் செய்தது இதுதான்: சனிக்கிழமை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் சைட்டுக்கே போய் நிற்பார். இருவரும் சேர்ந்து வருவார்கள். வந்ததும் மேஜைமேல் பணத்தை வைத்து எண்ணி நோட்டில் எழுதுவார். வீட்டுப் பங்கு தனியே, ஊருக்கு அனுப்புவது தனியே, கடன் அடைப்பது தனியே, கைச்செலவுக்கு முந்நூறு. பணம் அவருடையதுதான், யாரும் தொடமாட்டோம். பத்து வாரம் இப்படிப் போனது. பதினோராவது வாரம், "நாளைக்கு நானே வந்துக்கிறேண்ணே" என்றார். மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆறே காலுக்கு வந்தார்.

போனஸ், தீபாவளி, ஊர்த் திருவிழா, கல்யாணம், சாவு வீடு இவற்றைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டு வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. தனியாகப் போகவேண்டாம், மாலை போட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

நழுவிவிட்டால்

நழுவுவார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் சிலர் நழுவுவார்கள். அப்போது வீடு என்ன செய்யும் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

குடித்துவிட்டு வந்தவரை அந்த வீட்டில் மற்ற ஐந்து பேரோடு வைத்துக்கொள்ள முடியாது. அந்த வாடை ஒன்று போதும், இன்னொருவர் சரிய. இதில் நான் கண்டிப்பானவன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பையைத் தெருவில் எறிவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முன்னறையில் தனியே, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் கண்விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் ஆஸ்பத்திரி. ஒரு நாள் குடியா, நாலைந்து நாளாக ஒளித்துக் குடித்ததா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தெளிந்த பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம், வீட்டார் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

ஹெராயின், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது போன்ற பழக்கத்திலிருந்து வந்தவர்கள் விஷயத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில வாரங்கள் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். எழுப்பினால் எழாமல், உதடு நீலமாகி, குறட்டை போல விட்டுவிட்டு மூச்சு வந்தால் தூங்குகிறார் என்று விடாதீர்கள், உடனே 108. என்ன ஏற்றினார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது.

கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மறைப்பவர்களுக்கு: போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து காக்க, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

குடும்பத்தார் செய்யவேண்டியது

வாரம் ஒரு முறை, பகலில், சாப்பாட்டோடு வாருங்கள். பழைய கணக்கை அந்த இரண்டு மணி நேரத்தில் திறக்காதீர்கள்; அதற்கு நேரம் வரும். கையில் பணம் கொடுக்காதீர்கள், வீட்டுப் பங்கை நேராக வீட்டுக் கணக்கில் கட்டுங்கள். "எங்க, ஊது பார்ப்போம்" என்று முகத்துக்குப் பக்கத்தில் மோந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

நீங்களும் நோய்வாய்ப்பட்டிருக்கிறீர்கள் என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்கு ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார், குடியால் கணவரை இழந்தவர் அவர். நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும் முறை அங்கே வேரூன்றியது. குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. என் அம்மா முதலில் போகமாட்டேன் என்றார், "குடிச்சவன் அவன், நான் எதுக்கு?" பிறகு இரண்டு வருடம் விடாமல் போனார்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடே இல்லை என்றால்

பல ஊர்களில் இல்லை. அப்போது நீங்களே தொடங்கலாம், நான் சும்மா சொல்லவில்லை. 1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், அரசு நடத்திய ஹாஃப்வே ஹோமை மூடப்போவதாகச் சொன்னார்கள். அங்கே இருந்த பால் மொலாய் முதலான ஆட்கள், அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வார்டன் கிடையாது. தலைவர், பொருளாளர் எல்லாரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், ஆறு மாதத்துக்கு மேல் யாரும் ஒரே பதவியில் இல்லை. செலவை எல்லாரும் சமமாகப் பங்கிட்டார்கள். குடித்தவர் வெளியேற வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்ற பெயரில் இன்று அப்படி 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஆய்வு அந்த வீடுகளைப் பற்றியதுதான்.

நம் ஊருக்கு அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். குறைந்தது ஒரு வருடம் குடியில்லாமல் இருக்கும் இரண்டு பேர் வேண்டும், அவர்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். ஏ.ஏ. கூட்டத்தில் கேட்டால் கிடைப்பார்கள். மூன்று படுக்கையறை வீடு, பஸ் வசதியோடு, டாஸ்மாக் கடையிலிருந்து தள்ளி. வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எங்களை ஏழு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள், எட்டாவது வீட்டுக்காரரின் தம்பி குடித்தே இறந்தவர், அட்வான்ஸைக் குறைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், சட்டப்படியும் அது வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: ஊசி, மாத்திரை, சிகிச்சை என்று எதையும் அந்த வீட்டில் நீங்கள் நடத்தக்கூடாது. அது பதிவு பெற்ற இடங்களின் வேலை.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 14,000, மளிகை காய்கறி கேஸ் 21,000, கரண்ட் தண்ணீர் 2,500. மொத்தம் 37,500 ரூபாய், ஆறு பேருக்கு ஆளுக்கு 6,250. கூட 250 போட்டு 6,500 வாங்கினால் மாதம் 1,500 ரூபாய் அவசரத்துக்குச் சேரும். வேலை கிடைக்காத புது ஆளை ஒரு மாதம் தாங்குவதும் அந்தப் பணத்தில்தான். கணக்கு நோட்டு கூடத்தில் ஆணியில் தொங்கட்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பணத்தை ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்ட வீடுகள் பணத்தால்தான் உடைந்தன.

பக்கத்து வீட்டாருக்கு முதல் வாரமே போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். எங்கள் தெருவில் முதலில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் லாரி வந்த நாட்களில் வயதானவர்களுக்குக் குடம் தூக்கிக் கொடுத்தோம், ஆறு மாதத்தில் கதவு திறந்தது.

கடைசிப் படி: வீட்டுக்குத் திரும்புவது

ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதால் மட்டும் கிளம்பக்கூடாது. நாலு விஷயம் பாருங்கள்: தூக்கம் ஒழுங்காக இருக்கிறதா, வேலை மூன்று மாதமாவது தொடர்ந்து இருக்கிறதா, ஒரு பண்டிகையையும் ஒரு சண்டையையும் குடிக்காமல் கடந்திருக்கிறாரா, ஆசை வந்தபோது தானாக யாருக்காவது போன் செய்திருக்கிறாரா. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் ஒரு ஞாயிறு பகல் மட்டும் வீட்டுக்குப் போய் வரட்டும். பிறகு சனி இரவு தங்கி ஞாயிறு திரும்பட்டும். அதற்குப் பிறகு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, அங்கே எந்த நேரம் கஷ்டமாக இருந்தது என்று மற்றவர்களிடம் சொல்லட்டும். நான் இரண்டாவது முறை போனபோது, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டைப் பார்த்ததுமே தொண்டை வறண்டது, அங்கேதான் ஒளித்துக் குடிப்பேன். திரும்பி வந்து சொன்னதும், "அந்தப் படியில ரெண்டு செடித் தொட்டி வைக்கச் சொல்லு" என்றார் கூட இருந்த ஒருவர். அம்மா கற்றாழையும் துளசியும் வைத்தார்.

வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே உள்ள ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்த நாள் என்று பார்த்து, ஒரு முறை போயும் வந்துவிடுங்கள். ரிவ்யூ தேதிகளைப் புது காலண்டரில் எழுதுங்கள். ஹாஃப்வே ஹோமில் கூட இருந்தவர்களைப் பார்க்க வாரத்தில் ஒரு நாளை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை. நேராக வேலையிலிருந்து வந்துவிட வேண்டும். வரும்போது இரண்டு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஆறு மணிக்கு எட்டு பேருக்கு டீ போடவேண்டும்.